டர்னர் கோப்பை: முதுகில் அச்சிட வேண்டிய ஏழு ஆண்டுகள் சரிதானா?

பின்னலூரான் (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் பையர் ஒருவர், பழைய விளையாட்டு அணிகளின் பெயர் பொறித்த டீ-ஷர்ட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். அவற்றுள் ஒரு டிசைனின் முதுகுப் பக்கத்தில் ‘ஃபோர்ட் வெய்ன் கோமெட்ஸ் – டர்னர் கோப்பை’ என்ற தலைப்பும், அதன் கீழே 1963, 1965, 1973, 1993, 2008, 2009, 2010 என்ற ஏழு ஆண்டுகளும் வருகின்றன. இது ஐஸ் ஹாக்கி என்பது மட்டும் எனக்குத் தெரியும். மற்றபடி நமக்கு ஐஸ் என்றால் நோன்பிக் கடையில் விற்கும் சேமியா ஐஸ்தான்.

என் சந்தேகம் இதுதான். 1993-க்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் ஒன்றுமே இல்லை. திடீரென்று மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து வருகின்றன. 2010-உடன் பட்டியலும் நின்றுவிடுகிறது. ஆர்ட்வொர்க் செய்தவர் எங்கேனும் பிழை விட்டிருப்பாரோ என்று அஞ்சுகிறேன். பையரிடம் கேட்டதற்கு, உள்ளபடியே போடுங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்தது. சென்ற ஆண்டு இதே போன்ற பதிலை நம்பி ஓர் எழுத்துப் பிழையோடு பிரின்ட் அடித்து, பிறகு பாதி விலைக்கு உள்ளூர்ச் சந்தையில் தள்ளிவிட நேர்ந்தது. ஸ்கிரீன் போடுவதற்கு முன் உறுதி செய்துகொள்ள விரும்புகிறேன். அந்த டர்னர் யார் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் மகிழ்வேன்.

நொய்யல்கரை

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் உச்சத்தில் இருப்பது ஸ்டான்லி கோப்பை. அதற்கு ஒரு படி கீழே உள்ள மைனர் லீக்குக்குக் கால்டர் கோப்பை. டர்னர் கோப்பை என்பது இந்தக் கால்டர் கோப்பையின் பழைய பெயராக இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். அப்படியானால் 2010-க்குப் பின் பெயர் மாறியதால் பட்டியல் நின்றிருக்கலாம்.

காவிரிப்பாலம் (ஈரோடு)

நண்பர் நொய்யல்கரை தவறாக எண்ண வேண்டாம்; இவை இரண்டும் வெவ்வேறு கோப்பைகள். கால்டர் கோப்பை 1937 முதல் அதே பெயரோடு அமெரிக்கன் ஹாக்கி லீக்கில் இன்றும் வழங்கப்படுகிறது. டர்னர் கோப்பையோ இன்டர்நேஷனல் ஹாக்கி லீக் என்னும் வேறொரு மைனர் லீக்கின் கோப்பை. சில ஆண்டுகள் டெட்ராய்ட்டில் வேலை பார்த்தபோது இந்த லீக்கைப் பற்றி அங்குள்ள பெரியவர்கள் பேசக் கேட்டு, ஆர்வத்தால் தேடிப் படித்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜோ டர்னர் கனடாவின் வின்சர் நகரத்தைச் சேர்ந்த கோல்கீப்பர். ஈரோடும் பள்ளிபாளையமும் காவிரியின் இரு கரைகளில் எதிரெதிரே இருப்பதைப் போல, டெட்ராய்ட்டும் வின்சரும் ஓர் ஆற்றின் இரு கரைகளில் இருக்கின்றன. ஒரு கரை அமெரிக்கா, மறுகரை கனடா என்பதுதான் வேறுபாடு. ஸ்டான்லி கோப்பைக்கு ஆடும் தேசிய ஹாக்கி லீக்கைச் சேர்ந்த டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் கிளை அணியாக இருந்த இண்டியானாபொலிஸ் கேபிட்டல்ஸுக்கு ஆடி, 1942-இல் அந்த அணியோடு கால்டர் கோப்பையை வென்றவர் அவர். அதே பருவத்தில், 1942 பிப்ரவரியில், ரெட் விங்ஸின் வழக்கமான கோல்கீப்பர் ஆட முடியாமல் போனதால் டொரன்டோவுக்கு எதிராக இவரை இறக்கினார்கள். கூடுதல் நேரத்தையும் சேர்த்து எழுபது நிமிடங்கள் நின்றார். ஆட்டம் 3–3 என்று சமனில் முடிந்தது. தேசிய லீக்கில் அவர் ஆடியது அந்த ஒரே ஆட்டம்தான். பின்னர் அமெரிக்கப் படையில் சேர்ந்து, ஜெர்மனியின் ஹூர்ட்கன் காட்டுச் சண்டையில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

போர் முடிந்து ஊர் திரும்பிய வின்சர் ஆட்டக்காரர்களுக்கு ஆட ஒரு களம் வேண்டும் என்பதற்காக, 1945 டிசம்பரில் வின்சர் நகர விடுதி ஒன்றில் கூடிப் பேசி இந்த லீக்கைத் தொடங்கினார்கள். ரெட் விங்ஸ் அணியை நடத்திய ஜேக் ஆடம்ஸும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். தொடக்கத்தில் அணிகள் நான்குதான்: டெட்ராய்ட்டில் இரண்டு, வின்சரில் இரண்டு. இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் நடந்த போட்டியின் கோப்பைக்குத்தான், தங்களோடு ஊர் திரும்பாத டர்னரின் பெயரை வைத்தார்கள். 1946-இல் முதலில் வென்றது டெட்ராய்ட் ஆட்டோ கிளப் அணி.

கோவை நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக் கூடைப்பந்து ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, சுழற்கோப்பைக்கு ஒரு பெரியவரின் பெயர் இருப்பது புதிதன்று. அங்கும் வழக்கம் அதுதான்: ஸ்டான்லி கனடாவின் கவர்னர் ஜெனரல், கால்டர் தேசிய லீக்கின் முதல் தலைவர். அதிகாரமோ பணமோ இல்லாத, ஒரே ஓர் ஆட்டம் ஆடிய மனிதருக்கு ஒரு லீக்கின் தலைமைக் கோப்பையே கிடைத்தது என்பதால் டர்னர் கோப்பையின் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

இனி உங்கள் பதினைந்து ஆண்டு இடைவெளிக்கு வருகிறேன். அது பிழையன்று. நான்கு அணிகளோடு தொடங்கிய லீக், 1990-களில் லாஸ் ஏஞ்சலஸ், ஹூஸ்டன், சிகாகோ என்று பெருநகரங்களுக்குப் பரவி, 1995–96 பருவத்தில் பத்தொன்பது அணிகளாக வீங்கிவிட்டது. பேருந்தில் போய் ஆடிய அணிகள் விமானத்தில் பறக்க வேண்டியதாயிற்று. வரவுக்கு மீறிய செலவு. ஃபோர்ட் வெய்ன் போன்ற சிறிய ஊர்க்காரர்கள் அதைத் தாங்க மாட்டாமல் 1999-இல் வெளியேறி, யுனைடெட் ஹாக்கி லீக்குக்குப் போய்விட்டார்கள். 2001-இல் லீக்கே கலைந்தது. ஆறு அணிகளை அமெரிக்கன் ஹாக்கி லீக் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு டர்னர் கோப்பையை வென்ற ஆர்லாண்டோ அணி அந்த ஆறில் இல்லை. கோப்பையைத் தூக்கிய கையோடு அணியும் கலைந்துபோனது. அதன்பின் ஆறு ஆண்டுகள் டர்னர் கோப்பையை யாருக்கும் வழங்கவே இல்லை.

2007-இல் அந்த யுனைடெட் லீக் தன் பெயரை இன்டர்நேஷனல் ஹாக்கி லீக் என்று மாற்றிக்கொண்டு, டர்னர் கோப்பையையும் மீட்டெடுத்தது. 2008, 2009, 2010 என்று அது வழங்கப்பட்ட மூன்று முறையும் வென்றது ஃபோர்ட் வெய்ன். 2010-இல் இந்தப் புதிய லீக்கும் முடிந்துபோக, அணிகள் சில சென்ட்ரல் ஹாக்கி லீக்குக்குச் சென்றன. பட்டியல் 2010-உடன் நிற்பதற்குக் காரணம் அதுவே.

பின்னலூரான் (திருப்பூர்)

மிக்க நன்றி அண்ணா. ஒரு சிறு ஐயம் மட்டும் மிச்சம் இருக்கிறது. டிசைனின் முன்பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘1992–93’ என்றும் ‘12–0’ என்றும் வருகிறது. முதுகில் 1993 என்று மட்டும் இருக்கிறது. இரண்டும் முரண்படுமா?

காவிரிப்பாலம் (ஈரோடு)

முரண்படாது தம்பி. பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கி மறு ஆண்டு முடிவதால், பருவத்தை 1992–93 என்றும் கோப்பையை 1993 என்றும் எழுதுவது அங்கே வழக்கம். 12–0 என்பது பெருமைக்குரிய எண். அவ்வாண்டு பிளேஆஃப் சுற்றுகளில் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களிலும் கோமெட்ஸ் தோற்கவில்லை. இறுதியில் அவர்கள் நான்குக்கு நான்கு என்று மடக்கிய சான் டியாகோ கல்ஸ் சாதாரண அணியன்று. அந்தப் பருவத்தின் லீக் சுற்றில் 62 வெற்றிகளைக் குவித்திருந்த அணி. அந்த எண்ணைச் சிறிய எழுத்தில் போட்டதுதான் எனக்குக் குறையாகத் தோன்றுகிறது.

ஆழியாறு

ஒரு திருத்தம் அல்ல, ஓர் எச்சரிக்கை. ‘டர்னர் கோப்பை’ என்ற தலைப்பு இருக்கும் வரைதான் ஏழு ஆண்டுகள் சரி. பையர் கடைசி நேரத்தில் அதை எடுத்துவிட்டு வெறும் ‘சாம்பியன்ஸ்’ என்று போடச் சொன்னால் கணக்கு மாறிவிடும். கோமெட்ஸ் 2003-இல் யுனைடெட் லீக்கின் காலனியல் கோப்பையையும், 2012-இல் சென்ட்ரல் லீக்கின் கோப்பையையும், 2021-இல் ஈ.சி.எச்.எல். லீக்கின் கெல்லி கோப்பையையும் வென்றிருக்கிறது. அப்போது முதுகில் பத்து ஆண்டுகள் வர வேண்டும்.

கெல்லி கோப்பை என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 2017, 2018 இரண்டிலும் அதை வென்ற கொலராடோ ஈகிள்ஸ் அணி, மேல்நிலை லீக்குக்கு மாறியபோது கோப்பையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 2019-இல் வென்ற அணிக்கு வழங்கப் புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டியதாயிற்று. எங்கள் ஊர்க் கபடிக் குழுக்களிடையே நடக்கும் சுழற்கோப்பைத் தகராறு அங்கேயும் உண்டு என்று அறிந்து கொஞ்சம் ஆறுதலடைந்தேன்.

பின்னலூரான் (திருப்பூர்)

தலைப்பு மாறாது என்று பையரிடம் எழுத்தில் வாங்கிவிட்டேன். 12–0 எழுத்தைப் பெரிதாக்கலாமா என்று கேட்டு ஒரு மாதிரியும் அனுப்பியிருக்கிறேன். ஏழு ஆண்டுகளோடு ஸ்கிரீன் நாளைக் காலை போடப்படுகிறது.