மாதவிடாய்க்கு நடுவில் பழுப்புத் திட்டும் வழவழப்பும்: பயப்பட வேண்டுமா?

சிப்புட்கிளி
அக்காமார்களே, விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, ஒரு பிள்ளை. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். எனக்கு மாதவிடாய் ஒழுங்காகத்தான் வரும், ஆனால் கொஞ்சம் தள்ளி, 34 நாளுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதமும் இந்த மாதமும், எல்லாம் முடிந்து பல நாள் ஆன பிறகு, உள்ளாடையில் பழுப்பாக ஒரு சின்னத் திட்டு. அதோடு முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று, இழுத்தால் நூலாக வருகிறது. நாற்றம் இல்லை, அரிப்பும் இல்லை. 14ஆம் நாள் கருமுட்டை வெளியாகும்போது இப்படி வரும் என்று படித்தேன், எனக்கு வந்ததோ 14ஐ எல்லாம் தாண்டி, கிட்டத்தட்ட 20ஆம் நாள். அதுதான் பயம். மாமியார் உடம்புச் சூடு என்கிறார். கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் பாதிப் பேர் தெரிந்த முகம், போகவே கூச்சமாக இருக்கிறது.

மரத்தடி அக்கா
சூடுதான் தங்கச்சி, இந்த வெயிலுக்கு யாருக்குத்தான் இல்லை. வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடு, இளநீர் குடி. எங்கள் லயத்தில் எல்லாரும் அதைத்தான் செய்தோம்.

பழைய மிஸ்ஸி
இளநீர் தாராளமாகக் குடிக்கட்டும், ஆனால் ரத்தத்துக்குச் சூட்டைக் காரணம் சொல்லி விட்டுவிடக்கூடாது அக்கா.

தங்கச்சி, அந்த 14ஆம் நாள் கணக்கு 28 நாளுக்கு ஒரு முறை வருபவர்களுக்குத்தான். கருமுட்டை வெளியான பிறகு அடுத்த மாதவிடாய்க்கு ஆகும் காலம்தான் பெரும்பாலும் அதிகம் மாறாது, ஏறக்குறைய 14 நாள். அதற்கு முந்தைய பகுதிதான் ஆளுக்கு ஆள் நீளும், குறுகும். அதனால் முன்னாலிருந்து எண்ணாதே, அடுத்த மாதவிடாய் வரும் நாளிலிருந்து பின்னால் எண்ணு. 34இல் 14 போனால் 20. நீ சொன்ன நாள் சரியாகத்தான் வருகிறது.

அந்த நேரத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று இறங்கும், அந்த இறக்கத்தில் கருப்பையின் உள்படலம் சிலருக்குக் கொஞ்சம் உதிரும், ஒரு நாள் இரண்டு நாள் திட்டாகப் படும், அவ்வளவுதான். பழுப்பாக இருப்பது மெதுவாக வெளியே வந்த பழைய ரத்தம். வழவழப்பும் ஈஸ்ட்ரோஜன் வேலைதான், விந்து உள்ளே நீந்திப் போவதற்காகக் கர்ப்பப்பை வாயில் சுரக்கும் நீர் அப்போது இளகிவிடும். கருமுட்டை வெளியான பிறகு அதுவே கெட்டியாகிவிடும். கெட்ட வெள்ளைப்படுதல் இப்படி இருக்காது: அரிப்போடு வெள்ளையாகத் திப்பி திப்பியாக வந்தால் பூஞ்சை, சாம்பல் நிறத்தில் மீன் வாடையோடு வந்தால் பாக்டீரியா, மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் வேறு தொற்று. எதுவானாலும் உள்ளே சோப்பு, வெற்றிலைக் கழுவல் எல்லாம் போடாதே, அது இருக்கிற நல்ல கிருமியையும் கழுவிவிடும்.

இன்னும் மூன்று விஷயம் சொல். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஏதாவது எடுக்கிறாயா? வேறு மருந்து உண்டா? கணவரோடு சேர்ந்த பிறகு ரத்தம் படுகிறதா?

நைட் ஷிப்ட்
கட்டுப்பாட்டு மாத்திரை நான் ஆரம்பித்தபோது முதல் மூன்று மாதம் வரை கண்ட நாளில் திட்டு வந்தது, அப்புறம் தானாக நின்றுவிட்டது. ஒரு நாள் மாத்திரை மறந்தாலும் வரும். ஊசி, கையில் வைக்கும் இம்பிளாண்ட் போட்டவர்களுக்கும் இது சர்வசாதாரணம் என்று கிளினிக்கிலேயே சொன்னார்கள்.

சிப்புட்கிளி
மிஸ்ஸி அக்கா, பின்னால் எண்ணும் கணக்கை இதுவரை யாருமே சொன்னதில்லை! மாத்திரை ஊசி எதுவும் இல்லை. பாசார் மாலாமில், அதுதான் இரவுச் சந்தையில், வாங்கிய ஜாமு என்ற மூலிகை மருந்து குடிக்கிறேன், உடம்பு இளைக்க. மூன்றாவது கேள்விக்கு... ஆமாம், ஒரு தடவை பட்டது, சிவப்பாகவே. அந்த நாளும் வேறு, நடுவில் இல்லை. அதை முதலில் எழுதக் கூச்சமாக இருந்தது.

பழைய மிஸ்ஸி
இதைச் சொன்னது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் இப்போது பதில் மாறுகிறது. நடுவில் வந்த பழுப்புத் திட்டுக்காக நான் உன்னை அவசரப்படுத்த மாட்டேன். சேர்ந்த பிறகு படும் ரத்தம் அப்படியல்ல, கர்ப்பப்பை வாயை ஒருவர் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். பெரும்பாலும் புண், சின்னச் சதை வளர்ச்சி, தொற்று என்று ஆற்றக்கூடிய விஷயமாகத்தான் இருக்கும், அபூர்வமாகத்தான் புற்று. ஆனால் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது. அரசாங்க கிளினிக்கில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எச்.பி.வி. பரிசோதனை (கர்ப்பப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது) செய்கிறார்கள், பஞ்சுக் குச்சியால் நாமே எடுத்துக் கொடுக்கலாம். அதைக் கொடுத்துவிட்டு முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடாதே. அது ஒரு குறையும் இல்லாதவர்களுக்கான சோதனை. உனக்கு ரத்தம் பட்டிருக்கிறது, அதனால் உள்ளே பார்க்கச் சொல்லிக் கேள்.

ஜாமுவை நிறுத்து. டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பார். அது இல்லாத சரக்கில் ஸ்டீராய்டு கலந்து விற்றுப் பிடிபட்டதெல்லாம் நம் நாட்டில் நடந்திருக்கிறது, ஸ்டீராய்டு மாதவிடாயையே குழப்பிவிடும். டப்பாவை டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டு.

யூ.பி.டி.யும், அதாவது சிறுநீரில் கர்ப்பம் பார்க்கும் சோதனையும், போட்டுவிடு, கட்டுப்பாடு எதுவும் இல்லை என்கிறாயே. மாதவிடாய் தள்ளிப்போய், ஒரு பக்க அடிவயிறு வலித்து, தலை சுற்றி, தோள்பட்டையும் வலித்தால் கிளினிக்குக்குப் போகாதே, நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தாலும் அப்படியே.

மரத்தடி அக்கா
அட, இது எனக்குத் தெரியாதே மிஸ்ஸி. என் மகளுக்கும் இதை அனுப்பிவிட்டேன். இருந்தாலும் இளநீரை விடாதே தங்கச்சி.

சிப்புட்கிளி
வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டேன். கவுண்டரில் எல்லார் முன்னாலும் என்னவென்று சொல்வது?

பழைய மிஸ்ஸி
"சாக்கிட் பெரெம்புவான், மாவ் ஜும்பா டாக்டர் பெரெம்புவான்" (பெண்கள் நோய், பெண் டாக்டரைப் பார்க்க வேண்டும்) என்று மலாயில் சொன்னால் போதும், விவரம் கேட்டால் உள்ளே சொல்கிறேன் என்று சொல். ரத்தம் பட்ட நாட்களைக் காலண்டரில் குறித்து, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். மாதவிடாய் ஓடும் நாளாக இருந்தால் மட்டும் தேதியை மாற்றிக்கொள், உள்ளே சரியாகப் பார்க்க முடியாது.