போர் தண்ணிக்கு சாஃப்ட்னர் போடலாமா, ஆர்ஓ மட்டும் போதுமா? (பெரியபட்டினம் பக்கம்)

கடலோரவீடு கேட்டது:

கடல்ல இருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ள வீடு கட்டுறோம். கீழ்வீட்டுக்கு இந்த வாரம் பைப் லைன் ஓட்டணும், மாடித் தளம் இன்னும் போடலை. தண்ணிக்கு 60 அடி போர் இருக்கு, காவிரித் தண்ணி நாலஞ்சு நாளைக்கு ஒருதடவை வருது. போர் தண்ணிய லேப்ல கொடுத்ததுல லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குல வந்தது: டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற மொத்த உப்புகள்) 2,100, மொத்தக் கடினத்தன்மை 640, குளோரைடு 720. இரும்பும் புளூரைடும் அளவுக்குள்ளதான். 25 லிட்டர் ரெசின் சாஃப்ட்னர் ஒண்ணு மாட்டினா மொத்த வீட்டுக்கும் உப்பு போயிரும், குடிக்கவும் செய்யலாம்னு கடையில சொல்றாங்க. வீட்ல அஞ்சு பேரு, அத்தாவுக்கு பிபி. போடலாமா?

கல்லுப்பு:

கடையில சொன்னதை நம்பி குடிச்சிராதீங்க. சாஃப்ட்னர் உப்பை எடுக்காது. ரெசின் மணி தண்ணியில இருக்கிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடிச்சுக்கிட்டு, அதுக்குப் பதிலா சோடியத்தை விடும். குளோரைடு 720 அப்படியே நிக்கும், டிடிஎஸ் குறையாது, வாயில வெச்சா அதே கரிப்புதான். கடினத்தன்மை 100 இறங்கினா சோடியம் 46 ஏறும். உங்க 640 முழுசும் இறங்கினா 295 மில்லிகிராம் பக்கம் சோடியம் புதுசா சேரும். பிபிக்காரர் இருக்கிற வீட்ல அந்தத் தண்ணிய உலையில வைக்கவே கூடாது.

இருந்தாலும் சாஃப்ட்னருக்கு வேலை இல்லேன்னு சொல்ல மாட்டேன். சோப்பு நுரைக்கும், ஷவர் கண்ணு அடைக்காது, கீசர்லயும் வாஷிங் மிஷின் ஹீட்டர்லயும் சுண்ணாம்புப் பத்து கட்டாது. அதனால குளியலறைக்கும் வாஷிங் மிஷினுக்கும் மட்டும் கொடுங்க. கக்கூஸ் ஃபிளஷ், தோட்டம், வாசல் தெளிக்கிறது எல்லாம் போர் தண்ணியிலேயே ஓடட்டும்.

கணக்கு பாருங்க. நல்ல தண்ணியில ஒரு லிட்டர் ரெசின் 50 முதல் 60 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். நம்ம கடலோரத் தண்ணியில ஏற்கெனவே சோடியம் நிறைய, அது போட்டிக்கு வர்றதால 45-னு வெச்சுக்கறது நல்லது. 25 லிட்டர் ரெசின்னா 1,125 கிராம். அதை லிட்டருக்கு 0.64 கிராமால வகுத்தா 1,750 லிட்டர். அஞ்சு பேர் குளிக்க, துவைக்க ஒரு நாளைக்கு 400 லிட்டர்னா நாலு நாளைக்கு ஒருதடவை உப்பு ஏத்தணும், அதாவது நிறைஞ்சுபோன ரெசினை உப்புக் கரைசல் விட்டு மறுபடி சோடியம் ஏத்திப் புதுப்பிக்கணும். லிட்டர் ரெசினுக்கு 150 கிராம் வீதம் தடவைக்கு 3.75 கிலோ, மாசம் 28 கிலோ. மொத்த வீட்டுக்கும் கொடுத்தா இது ரெண்டு மடங்கு பக்கம் போயிரும், தாங்காது.

அதுக்கு மல்டிபோர்ட் வால்வுல (தண்ணி போற வழியை மாத்துற திருகு) வரிசை இப்படி: முதல்ல பேக்வாஷ், அதாவது கீழ இருந்து மேல தண்ணி விட்டு அலசுறது, பத்து நிமிஷம், வெளிய வர்ற தண்ணி தெளியிற வரைக்கும். அப்புறம் உப்புக் கரைசல். 3.75 கிலோவை 35 லிட்டர் தண்ணியில கரைச்சா பத்து சதவீதம் பக்கம் வரும், அதை அரை மணி நேரம் மெதுவா இழுக்க விடணும். கடைசியில அலசல், கரிப்பு பழைய அளவுக்கு இறங்குற வரைக்கும். பல வீட்ல இந்த உப்பு இழுக்கிற இடத்துலதான் தப்பு நடக்குது. அவசரத்துல வால்வை முழுசா திறந்து பத்து நிமிஷத்துல முடிச்சிர்றாங்க, ரெசின் பாதிகூட ஏறாது, மறுநாளே சோப்பு நுரைக்கலைன்னு மெஷினைக் குறை சொல்றாங்க.

இன்னொண்ணு, நம்ம ஊருக்கே உள்ள சிக்கல். வாலிநோக்கம் உப்பளம் பக்கத்துல இருக்கேன்னு கழுவாத கல்லுப்பை மூட்டையா வாங்கிப் போடுவாங்க. அதுல சேறும் இருக்கும், மெக்னீசியமும் இருக்கும். சேறு, உப்புக் கரைசலை இழுக்கிற இன்ஜெக்டர் ஓட்டையை அடைக்கும், மெக்னீசியம் ரெசினை ஏறவிடாது. சாஃப்ட்னருக்குன்னு விக்கிற சுத்தமான உப்பையே வாங்குங்க.

கடினத்தன்மையைப் பூஜ்யத்துக்கும் கொண்டுபோக வேண்டாம், உடம்புல சோப்பு வழவழன்னு போகவே போகாது. பைபாஸ் வால்வைக் கொஞ்சம் திறந்து நூத்துக்கு பதினஞ்சு பங்கு போர் தண்ணி கலந்தா 100 பக்கம் நிக்கும். உப்பும் அதே விகிதத்துல மிச்சம்.

சோதனைக்குழாய்:

ரிப்போர்ட்டை இந்திய தர நிர்ணயம் ஐஎஸ் 10500-ஓட ஒப்பிட்டுப் பாருங்க. டிடிஎஸ் 500, கடினத்தன்மை 200, குளோரைடு 250 வரைக்கும் ஏத்துக்கலாம். வேற வழியே இல்லாத இடத்துல முறையே 2,000, 600, 1,000 வரை பொறுத்துக்கலாம். உங்க தண்ணி முதல் ரெண்டுலயும் அதையும் தாண்டியாச்சு. குடிக்கணும்னா ஆர்ஓ (தண்ணிய சவ்வு வழியா அழுத்தி உப்பைப் பிரிக்கிற மெஷின்) கட்டாயம், அதுவும் போர் தண்ணிக்கு மட்டும்.

காவிரித் தண்ணியோட டிடிஎஸ்ஸைத் தனியா அளந்து பாருங்க. 500-க்குள்ள இருந்தா அதுக்கு ஆர்ஓ தேவையே இல்ல, 20 லிட்டர் கேன் வாங்குற செலவும் வேண்டாம். அப்படிப்பட்ட தண்ணிக்கு ஆர்ஓவைத் தடை பண்ணணும்னு 2019-ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சொல்லியிருக்கு. மெல்லிய ஃபில்டரும் யுவி விளக்கும் போதும். நிறைய வீட்ல ரெண்டு தண்ணியையும் ஒரே சம்ப்ல விட்டு நல்ல தண்ணியக் கெடுத்துட்டு, பிறகு அதை ஆர்ஓவுல சுத்தம் பண்றாங்க. மனசு கேட்கலை. காவிரிக்குத் தனி சம்ப், தனி மாடித் தொட்டி, அடுக்களைக்குத் தனி லைன். சுவர் உடைக்கிற வேலை இப்பதான் நடக்குதுன்னா இப்பவே ஓட்டிருங்க.

போர் தண்ணிக்கு 75 ஜிபிடி (ஒரு நாளைக்கு 75 கேலன்) வீட்டு ஆர்ஓ வேலை செய்யும், ஆனா அதோட எல்லையை ஒட்டி. 1,000 டிடிஎஸ்ஸுக்கு 0.7 பார் அழுத்தம் சவ்வை எதிர்த்து நிக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு மூணு லிட்டர் கழிவு போகும்போது கழிவுப் பக்கம் 2,800 ஆயிரும், அங்க ரெண்டு பார் வீணாகும். தண்ணி வர்ற வேகம் குறையிறது அதனாலதான், பம்ப் பழுதில்ல. கழிவு அதிகமா போகுதேன்னு கழிவுக் குழாய்ல இருக்கிற ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரை (கழிவு ஓட்டத்தைக் கட்டுப்படுத்துற பாகம்) இறுக்கிராதீங்க, 640 கடினத்தன்மையில சவ்வு மேல சுண்ணாம்பு கட்டிரும். சாஃப்ட்னர் தண்ணிய ஆர்ஓவுக்குக் கொடுத்தா இந்தப் படிவு வராது, சோடியத்தை ஆர்ஓ எடுத்துக்கும். 'டிடிஎஸ் கன்ட்ரோலர்'னு ஒரு திருகு வெச்சிருப்பாங்க, அது ஆர்ஓ தாண்டாத தண்ணியைக் கலக்குறது. மூடியே வைங்க.

கடையில ரெண்டு டம்ளர்ல கம்பி விட்டு, உங்க தண்ணி காவி நிறமாகுது பாருங்கன்னு காட்டினா பயப்பட வேண்டாம். அந்தக் காவி, கம்பியில இருக்கிற இரும்பு கரைஞ்சது. உப்புள்ள தண்ணியில மின்சாரம் ஓடும், கம்பி கரையும். ஆர்ஓ தண்ணியில ஓடாது, அதனால தெளிவா நிக்கும். அதுல ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொல்லுங்க, அதுவும் காவியாகும்.

அதுக்குப் பதிலா கடினத்தன்மை டிராப் டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கி வெச்சுக்குங்க. சாம்பிள்ல பொடியைப் போட்டதும் திராட்சைச் சிவப்பாகும், சொட்டு சொட்டா விட்டா ஒரு சொட்டுல ஊதா, அடுத்த சொட்டுல தெளிஞ்ச நீலம். நீலமாக எத்தனை சொட்டுங்கிறதுதான் கணக்கு. டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டாது, சாஃப்ட்னருக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே எண்தான் வரும்.

ஊத்துத்தண்ணி:

யாருமே கேட்காத ஒண்ணு: கழிவை எங்க விடப்போறீங்க? ஒவ்வொரு தடவை உப்பு ஏத்தும்போதும் 200 முதல் 250 லிட்டர் உப்புநீர் வெளிய வரும். நம்ம மண்ணு மணல். உறிஞ்சு குழியில விட்டா நேரா இறங்கி உங்க போருக்கும் பக்கத்து வீட்டு ஊத்துக்கும்தான் போகும். இங்க மழைத்தண்ணி, அடியில கிடக்கிற கனமான உப்புநீர் மேல ஒரு படலமா மிதக்குது, அந்தப் படலத்தை நம்பித்தான் தெருவே குடிக்குது. தென்னைக்கும் விடாதீங்க. சிமெண்ட் வாய்க்கால் வசதி இல்லேன்னா, என் கருத்து, சாஃப்ட்னரை விட்ருங்க. ஆர்ஓ கழிவு அந்த அளவுக்கு மோசமில்ல, வாளியில பிடிச்சு ஃபிளஷுக்கு ஊத்தலாம்.

60 அடியில 2,100-னா, 15 அடி உறைக்கிணத்துல இதைவிடக் குறைவா இருக்க வாய்ப்பு உண்டு. செப்டிக் டேங்க்ல இருந்து 50 அடியாவது தள்ளி இறக்குங்க. சின்ன மோட்டார் போட்டு அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தி ஊற விடுங்க. ஒரே மூச்சா இழுத்தா அடி உப்பு மேல ஏறிரும்.

குடிக்கிற தண்ணிக்கு மழையை விட நல்லது எதுவும் இல்ல. 1,000 சதுர அடி மாடி, வருஷ மழை 800 மில்லிமீட்டர் பக்கம், நூத்துக்கு எண்பது பிடிச்சாலும் 59,000 லிட்டர். அஞ்சு பேர் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 30 லிட்டர்னா வருஷத்துக்கு 11,000 லிட்டர் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில 10,000 லிட்டர் மூடிய தொட்டி நிறைஞ்சிரும். முதல் மழையில 100 லிட்டரைக் கழிச்சு விடுங்க, வெளிச்சம் புகாம மூடுங்க, வழியிற குழாய்க்குக் கொசுவலை கட்டுங்க. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைச்சு விட்டு அரை மணி நேரம் கழிச்சு எடுங்க.

கடலோரவீடு:

எல்லாருக்கும் நன்றி. தெருவுல சிமெண்ட் வாய்க்கால் இருக்கு. அப்போ குளியலறைக்கும் மிஷினுக்கும் மட்டும் சாஃப்ட்னர், காவிரிக்குத் தனி லைன், மாடியில இருந்து மழைத்தொட்டி. பைப் எது போடட்டும்?

கல்லுப்பு:

ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) வேண்டவே வேண்டாம், 720 குளோரைடுல மரை இருக்கிற இடத்துலயே அரிச்சிரும். கீசர் லைனுக்கு சிபிவிசி (சுடுதண்ணி தாங்குற பிளாஸ்டிக் குழாய்), மத்ததுக்கு யுபிவிசி (சாதாரண பிளாஸ்டிக் குழாய்). சாஃப்ட்னர் போட்டாலும் குளோரைடு இருக்கிறதால கீசர் ஆனோடு கம்பியை (தொட்டிக்குப் பதிலா தான் அரிச்சுப்போற கம்பி) வருஷம் ஒருதடவை கழட்டிப் பாருங்க. மாடித் தளம் பாக்கின்னு எழுதியிருக்கீங்க, அதுக்கு போர் தண்ணிய எடுக்காதீங்க. ஐஎஸ் 456 படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு குளோரைடு 500-க்கு மேல போகக் கூடாது. கலவைக்கு மட்டுமில்ல, தளம் நனைக்கவும் லாரித் தண்ணி சொல்லிருங்க.