ராம்தேவ்ரா பாதயாத்திரையில் வேடிக்கை பார்த்தது தவறா?

மணல்தடம்:
ஜோத்பூரில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் ஆவணியில் இங்குள்ளவர்களோடு ராம்தேவ்ராவுக்கு நடந்து போனேன், ஏறத்தாழ 180 கிலோமீட்டர், ஆறு நாள். பாபா ராம்தேவின் சமாதி அங்கே இருக்கிறது (யோகா சாமியார் இல்லை, பல நூறு வருஷத்துக்கு முந்தைய மகான்), முஸ்லிம்களும் ராம்சா பீர் என்று கும்பிட வருகிறார்கள். முதல் இரண்டு நாள் கால் கொப்புளத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லை. மூன்றாம் நாள் விடியலில் கொஞ்சம் பின்தங்கிவிட்டேன், அப்போது புதருக்குப் பக்கத்தில் ஒரு சிங்காரா மான், உடம்பு அசையாமல் வால் மட்டும் துடித்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி நின்றது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அதற்கப்புறம் பஜனையில் வாய் ஒட்டவில்லை, கண்ணெல்லாம் மணலில்தான், வண்டு உருட்டிப் போன தடம், மத்தியான வெயிலில் வளை வாசலில் படுத்திருந்த முள்வால் ஓணான் ஒன்று. "பாபா பேரைச் சொல்லாமல் ஓணான் பார்க்கவா வந்தாய்?" என்று கூட்டத்துப் பெரியவர் கேட்டுவிட்டார். மனசு இன்னும் உறுத்துகிறது. மானைப் பார்த்தபோது இருந்த அந்த அமைதி சன்னதியில்கூட எனக்கு வரவில்லை. இது பக்தியில் சேருமா?

வன்னிநிழல்:
நீங்கள் பார்த்த ஓணானுக்குப் பேர் சாண்டா. இலை தழை தின்கிற சாது, அதன் கொழுப்பில் எண்ணெய் எடுக்கப் பிடித்துப் பிடித்தே குறைத்துவிட்டார்கள், அது பயமில்லாமல் வெயில் காய்ந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்றால் பாக்கியம்தான். தவறா என்று கேட்கிறீர்கள். நீங்கள் நடந்தது பிஷ்னோய் என்ற சமூகத்தார் வாழும் மண். 1485இல் அவர்களுடைய குரு ஜாம்போஜி கொடுத்த 29 நெறிகளில் உயிர்களிடம் இரக்கம், பச்சை மரத்தை வெட்டாமை இரண்டும் உண்டு. தாயில்லாத மான்குட்டிக்குத் தாய்ப்பால் கொடுக்கிற பெண்கள் அவர்கள். ஜோத்பூருக்குப் பக்கத்திலேயே கேஜட்லி கிராமத்தில் 1730இல் அரண்மனைக்கு விறகு வெட்ட வந்த ஆட்களைத் தடுத்து அம்ரிதா தேவி என்ற பிஷ்னோய் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டார், 363 பேர் உயிரை விட்டார்கள். கேஜ்ரி என்று அவர்கள் சொல்வது நம் வன்னி மரம், விருத்தாசலம் கோயிலின் தலமரம். அந்த ஊரில் மானைப் பார்த்து நின்றதற்கா மனசு உறுத்துகிறது?

தைப்பூச நடையர்:
பெரியவரையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள் தம்பி. பழனிக்குப் பல வருஷம் நடந்தவன் நான். இருட்டில் லாரி போகிற ரோட்டில் பாட்டு நின்றால் கூட்டம் சிதறும், தளர்ந்தவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள், அந்தப் பாட்டுதான் காலை இழுத்துக்கொண்டு போகும். அவர் பயம் அதுவாக இருக்கும். விடியலில் ஒரு மணி நேரம் கூட்டத்துக்கு முன்னால் தனியாக நடங்கள், வெயில் ஏறியதும் சேர்ந்து பாடுங்கள்.

மணல்தடம்:
நன்றி அண்ணா. சிதறுவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, ஐந்தாம் நாள் ஒரு பாட்டி உட்கார்ந்தபோது பக்கத்தில் நான் இல்லை. வன்னிநிழல், அன்று காலையில் குட்டை ஓரம் கூட்டமாக வந்து இறங்கிய மண்நிறப் பறவைகள், புறா அளவு, என்னவாக இருக்கும்?

வன்னிநிழல்:
கல்கௌதாரி. அடுத்த முறை ஆண் பறவையை மட்டும் கவனியுங்கள், வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு பறக்கும், தூரத்தில் இருக்கிற குஞ்சுகள் அந்த இறகிலிருந்துதான் குடிக்கும்.