ஆராதனை நேரலையில் ‘உம்ம்’ இரைச்சல்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது. மிக்சரின் ஆக்ஸ் அவுட்டிலிருந்து (தனி ஒலி வெளியீடு) யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை டிஜிட்டலாக்கி லேப்டாப்புக்கு அனுப்பும் பெட்டி), அங்கிருந்து லேப்டாப்பில் ஓபிஎஸ் (நேரலை மென்பொருள்). ஆக்ஸ் ப்ரீ-ஃபேடரில்தான் இருக்கிறது; அதாவது மிக்சரில் சேனல் ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் நேரலைக்குப் போகும் அளவு மாறாது.

லேப்டாப் சார்ஜரைச் சொருகியதும் ‘உம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். பிடுங்கினால் சட்டென நிற்கிறது. ஜெப வேளையின் அமைதியில் அதுதான் பெரிதாகக் கேட்கும். கிரவுண்ட் லூப்தான் (கருவிகள் மின் எர்த் வழியாகவும் ஆடியோ கேபிள் வழியாகவும் இணைந்து உருவாகும் வளையம்). மிக்சரையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியும் முழுசாகப் போகவில்லை. எர்த் பின்னைக் கழற்றச் சொல்லாதீர்கள். மைக் பிடிப்பவர் உயிரோடு விளையாட்டு அது.

மிக்சருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் இடையில் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (நேரடி மின்தொடர்பு இல்லாமல் சிக்னலை அதே அளவில் கடத்துவது) போடலாமா, பேசிவ் டிஐ பாக்ஸா (சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும், தனி மின்சாரம் தேவைப்படாத பெட்டி)? டிஐ என்றால் சிக்னல் மைக் லெவலுக்கு (மைக் தரும் மெல்லிய அளவுக்கு) இறங்கிவிடும். அதை ஈடுகட்ட இன்டர்ஃபேஸின் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றினால் ‘ஸ்ஸ்’ இரைச்சல் கூடுமே. மலிவு டிரான்ஸ்ஃபார்மரில் பாஸ் கிடார் அடங்கிப்போகிறதா? பயன்படுத்துகிறவர்கள் மாடலோடு சொல்லுங்கள்.