டெல்லா விற்ற கூந்தல் வீண்தானா?

கேள்வி: திண்ணை வாசகி

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். சென்ற வாரம் அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றியின் ‘ஞானியரின் பரிசு’ கதையை வகுப்பில் வாசித்தோம். 1905 டிசம்பரில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வெளிவந்த கதை அது. கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் டெல்லாவின் கையில் இருப்பது 1 டாலர் 87 சென்ட். அதில் 60 சென்ட், மளிகைக்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் இறைச்சிக்காரரிடமும் முகம் சிவக்கப் பேரம் பேசிச் சேர்த்த சில்லறைக் காசு. முழங்காலுக்குக் கீழே புரளும் தன் கூந்தலை 20 டாலருக்கு விற்று, கணவன் ஜிம்மின் பரம்பரைத் தங்கக் கடிகாரத்துக்கு 21 டாலரில் ஒரு பிளாட்டினச் சங்கிலி வாங்குகிறாள். அவனோ அந்தக் கடிகாரத்தையே விற்று, அவள் கூந்தலில் செருகிக்கொள்ள ஆமையோட்டுச் சீப்புகள் வாங்கி வந்திருக்கிறான்.

வாசித்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, “மிஸ், முடி வளர்ந்துவிடும், தாத்தா காலத்துக் கடிகாரம் திரும்பி வராது. ஜிம்முக்குத்தான் நஷ்டம் அதிகம்” என்றாள். இன்னொருவன், “இரண்டு பொருளுமே பயன்படவில்லை. ஒரு வார்த்தை பேசிக்கொண்டிருந்தால் இருவருக்கும் பணம் மிஞ்சியிருக்கும்” என்றான். அவர்கள் விளையாட்டாகச் சொல்லவில்லை. வீட்டில் நகையை அடகு வைப்பதையும் மீட்பதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். பணத்தின் அருமை தெரிந்தே பேசினார்கள். குழந்தை இயேசுவுக்குப் பரிசு கொண்டுவந்த ஞானியரைச் சுட்டி, கதாசிரியர் இவ்விருவரையும் ஞானியர் என்று சொல்லி முடிக்கிறார் என்ற பதில் எனக்கே போதவில்லை. கொடுத்ததும் வாங்கியதும் பயனற்றுப்போன பிறகு, அதைத் தியாகம் என்று எதை வைத்துச் சொல்வது?

மறுமொழி: பழைய பேப்பர்

அம்மா, உங்கள் மாணவர்கள் கணக்குப் பார்த்தது சரியான வழிதான். இந்தக் கதையை எழுதியவரே வரிக்கு வரி கணக்குப் பார்க்கிறார். அவர்கள் இருக்கும் அறைகளுக்கு வாரம் 8 டாலர் வாடகை. வாரம் 30 டாலராக இருந்த ஜிம்மின் சம்பளம் 20 ஆகக் குறைந்துவிட்டது. அப்படியென்றால் அந்தச் சங்கிலியின் விலை அவனது ஒரு வாரச் சம்பளத்தைவிட ஒரு டாலர் அதிகம். சங்கிலியை வாங்கிவிட்டு மிச்சம் 87 சென்டோடு அவள் வீடு திரும்புகிறாள். இவ்வளவு கறாராகக் கணக்கு எழுதுகிறவர், பயன் என்ற கேள்வியை மறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பயன்தான் முக்கியம் என்றால் ஜிம்முக்கு வேண்டியது சங்கிலியே இல்லை. அவனுக்கு வயது 22. புதிய மேலங்கி வேண்டும், குளிருக்குக் கையுறை இல்லை. இரண்டையும் கதை நேரடியாகவே சொல்கிறது. டெல்லா அவற்றையா வாங்கினாள்? சங்கிலி இல்லாததால் கடிகாரத்தைப் பழைய தோல் வாரில் கட்டி வைத்திருக்கிறான் ஜிம். அது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, மணி பார்க்கும்போதெல்லாம் மறைவாக எடுத்துப் பார்க்கிறான். அவன் மறைத்ததை அவள் பார்த்திருக்கிறாள். பிராட்வே கடை ஜன்னலில் அந்தச் சீப்புகளை அவள் எத்தனையோ நாள் நின்று பார்த்து ஏங்கியதை அவனும் அறிந்திருக்கிறான். வாய்விட்டுக் கேட்காத ஒன்றை ஒருவர் மற்றவரிடம் கண்டுகொண்டதற்கு அந்தச் சங்கிலியும் சீப்பும் சாட்சி. கூந்தல் போனாலும் கடிகாரம் போனாலும் அந்தச் சாட்சி அப்படியே இருக்கிறது. அதனால்தான் எல்லாம் தெரிந்த பிறகும் ஜிம் பதறவில்லை. சோபாவில் சாய்ந்து, கைகளைத் தலைக்கு அணையாக வைத்துக்கொண்டு சிரிக்கிறான், பரிசுகளைச் சில காலம் எடுத்து வைப்போம் என்கிறான், அடுப்பில் கறியை வைக்கச் சொல்கிறான். அவனுக்கு நஷ்டக் கணக்கு தெரியாமல் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வங்கிப் பணத்தைக் கையாடினார் என்ற குற்றச்சாட்டில் விசாரணைக்குப் பயந்து, 1896இல் ஓ. ஹென்றி ஹோண்டுராஸ் நாட்டுக்கு ஓடிப்போயிருந்தார். காசநோயோடு கிடந்த அவர் மனைவி ஏதல், தன் கையால் பின்னிய லேஸ் கைக்குட்டையை விற்று, அந்தப் பணத்தில் அவருக்குக் கிறிஸ்துமஸ் பெட்டி ஒன்று அனுப்பினார். கடும் காய்ச்சலோடு ஏதல் அதைக் கட்டி அனுப்பினார் என்பதை ஓ. ஹென்றி பிறகுதான் அறிந்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே கைதுக்குத் துணிந்து ஊர் திரும்பினார்; அந்த ஜூலையில் ஏதல் இறந்தார். டெல்லாதான் ஏதல் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் இதைப் படித்த பிறகு அந்தக் கதையை என்னால் வேறு மாதிரி வாசிக்க முடிந்ததில்லை.

மறுமொழி: வைகைக்கரை

மேலே எழுதிய நண்பரோடு உடன்படுகிறேன். ஆனாலும் அந்த மாணவன் சொன்ன ‘ஒரு வார்த்தை பேசியிருந்தால்’ என்பதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1884இல் பிரெஞ்சு எழுத்தாளர் மோப்பசான் எழுதிய ‘அட்டிகை’ கதையை இதோடு சேர்த்து வகுப்பில் வையுங்கள். இரவல் வாங்கிய வைர அட்டிகையைத் தொலைத்துவிட்டு, அதே போன்ற ஒன்றை 36,000 பிராங்குக்கு வாங்கித் தோழியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தொலைந்த செய்தியைச் சொல்லாமலே பத்து ஆண்டுகள் கடன் அடைக்கிறார்கள் மத்தில்தும் அவள் கணவனும். இறுதியில், தொலைந்தது 500 பிராங்குகூடப் பெறாத போலி நகை என்று தெரிகிறது.

எல்லோரும் மத்தில்தின் கர்வத்தைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு எப்போதும் மனத்தில் நிற்பவன் அவள் கணவன், குமாஸ்தா லுவாசெல். வேட்டைத் துப்பாக்கி வாங்கவென்று அவன் சேர்த்து வைத்திருந்தது சரியாக 400 பிராங்க். மனைவி விருந்துக்கான உடைக்குக் கேட்ட தொகையும் அதுவே. அவன் முகம் சற்று வெளுக்கிறது, கொடுத்துவிடுகிறான். பிறகு தந்தை விட்டுச்சென்ற 18,000 பிராங்கும் போகிறது. மீதிக்குக் கடன்பத்திரங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்துக்கு ஐந்து சூ என்ற சில்லறைக் கூலிக்கு இரவெல்லாம் பிரதி எடுக்கிறான். ஜிம்மும் டெல்லாவும் மறைத்தது ஒரு பகல் பொழுது மட்டும். மாலையில் பொட்டலம் பிரிந்தது. லுவாசெல் முகம் வெளுத்ததை மத்தில்த் கவனித்தாள் என்று மோப்பசான் எங்கும் எழுதவில்லை. இரண்டு கதைகளிலும் விற்றது, கொடுத்தது, இழந்தது எல்லாம் உண்டு. கொடுத்ததை மற்றவர் கண்டது ஒன்றில்தான் உண்டு.

மறுமொழி: கொக்கிரகுளம்

மறைக்கவும் காட்டவும் வசதி இருப்பவர்களைப் பற்றியே இதுவரை பேசிவிட்டோம். 1934இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘பொன்னகரம்’ கதையின் அம்மாளுவுக்குக் கூந்தலை வாங்கிக்கொள்ளும் கடையும் இல்லை, விற்பதற்குப் பரம்பரைக் கடிகாரமும் இல்லை. ஜட்கா வண்டி ஓட்டும் அவள் கணவன் முருகேசன் அடிபட்டுக் கிடக்கிறான், பால்கஞ்சி வேண்டும் என்கிறான். அவள் வேலை செய்யும் மில்லில் கூலி போட இன்னும் நாள் இருக்கிறது. இருட்டுச் சந்தில் அவள் சம்பாதிப்பது முக்கால் ரூபாய். முருகேசன் அந்தக் கஞ்சியைக் குடித்தானா, காசு எப்படி வந்தது என்று கேட்டானா என்பதற்குள் எல்லாம் கதை போகவில்லை. அவள் செய்ததற்குத் தியாகம் என்ற பெயரைக்கூட ஆசிரியர் சூட்டவில்லை. கற்பைப் பற்றிப் பேசுகிறவர்களை நோக்கி ஒரே ஒரு வரி, அதோடு நிறுத்திவிடுகிறார். பள்ளி வகுப்பில் நடத்தக்கூடிய கதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆசிரியர் என்ற முறையில் நீங்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் டெல்லாவை நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவர்: திண்ணை வாசகி

மூவருக்கும் நன்றி. தோல் வாரைப் பற்றி எழுதியதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அம்மா தாலிச் சங்கிலியை அடகு வைத்து, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டார். அதை மீட்க மூன்று ஆண்டுகள் ஆயின. அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று, வீட்டுக்குள்ளும் எந்நேரமும் முந்தானையை இழுத்துப் போர்த்தியபடியே இருப்பார். நேற்று தொலைபேசியில், “அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாதா அம்மா?” என்று முதல் முறையாகக் கேட்டேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த மூன்று வருஷமும் ஆடிப்பெருக்குக்குப் புது மஞ்சள் கயிறு வாங்கிவந்து சாமி மாடத்தில் வைத்தது யார் என்று நினைத்தாய்?” என்றார்.