புதிதாக வந்த கேட்சரின் மட்டை: பலித்த கணிப்புகளும் பிசகியவையும்

மில்வாக்கியிலிருந்து:

2022 டிசம்பர் 12 அன்று மூன்று அணிகள் சேர்ந்து செய்துகொண்ட பரிமாற்றத்தில், அட்லாண்டாவின் வில்லியம் கான்ட்ரேராஸ் எங்கள் புரூவர்ஸ் பேஸ்பால் அணிக்குக் கேட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பின்னால் குந்தி வீசிய பந்தைப் பிடிப்பவராக, வந்து சேர்ந்தார். எஸ்டியூரி ரூயிஸ் என்ற வேகமான இளைஞர் எங்களிடமிருந்து ஓக்லாந்துக்குப் போனார். ஓக்லாந்தின் கேட்சர் ஷான் மர்பி அட்லாண்டாவுக்குப் போனார். அலுவலக நண்பர்களுடன் ஆண்டுதோறும் ஃபேன்டஸி லீக் (நிஜ வீரர்களின் எண்களை வைத்து ஆடும் போட்டி) ஆடும் வழக்கம் எனக்கு உண்டு என்பதால், அன்றிரவே நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, கான்ட்ரேராஸ் அடுத்த ஆண்டு எவ்வளவு அடிப்பார் என்று கணக்குப் போட உட்கார்ந்தேன்.

2022இல் அவர் 97 ஆட்டங்களில் 20 ஹோம் ரன் (சுவரைத் தாண்டும் அடி) அடித்திருந்தார்; சராசரி, அதாவது அடிக்க முயன்றதில் பேஸைத் தந்த ஹிட்டுகளின் விகிதம், .278; ஒரு முயற்சிக்கு எத்தனை பேஸ் என்று காட்டும் ஸ்லக்கிங் .506. முந்தைய ஆண்டோ 52 ஆட்டங்களில் .215தான். டாம் டாங்கோ வகுத்த மார்செல் என்ற எளிய கணிப்பு முறையில் கடைசி ஆண்டுக்கு 5, அதற்கு முந்தையதற்கு 4, அதற்கும் முந்தையதற்கு 3 என்று எடை கொடுத்து, லீக் சராசரியை நோக்கிச் சற்று இழுத்து, வயதுக்காகச் சிறிது கூட்டியோ கழித்தோ கொள்ள வேண்டும். அந்த முறைக்கு ஒருவர் கேட்சரா, வெளிக்களத்தில் நிற்பவரா என்பது தெரியாது. ஆகவே கேட்சருக்கான கழிவை நானாகச் சேர்த்தேன். அட்லாண்டாவில் அவர் பல நாள்கள் டிஎச்சாக மட்டையை மட்டும் பிடித்தவர். இங்கே பெரும்பாலான நாள்கள் மட்டையாளர் நிற்கும் தட்டுக்குப் பின்னால் குந்தியிருக்க வேண்டியவர். அதோடு நூறு முறை மட்டை பிடித்தால் ஏறத்தாழ 28 முறை ஸ்ட்ரைக் அவுட் (பந்தைச் சரியாக அடிக்கத் தவறி, மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) ஆகிக்கொண்டிருந்தார். மட்டையில் பட்ட பந்துகளிலும் பாதிக்கு மேல் தரையில் உருண்டவை. இவை எல்லாவற்றையும் கழித்து, சராசரி .245, ஹோம் ரன் 22 என்று எழுதி வைத்தேன்.

2023இல் அவர் 141 ஆட்டங்களில் .289 அடித்தார். ஹோம் ரன் 17தான், ஆனால் இரண்டாம் பேஸ் வரை ஓட வைக்கும் டபுள் 38. அதாவது நான் பயந்த இடத்தில் அவர் உயர்ந்தார், நம்பிய இடத்தில் சற்றுத் தாழ்ந்தார். அந்தக் கோடையில் ஒரு மாலை மூன்றாம் பேஸ் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தபோதுதான் காரணம் பிடிபட்டது. இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு வெளிப்பக்கமாக வந்த பந்தை இழுத்து அடிக்க முயலாமல், வீச்சைச் சுருக்கி வலப்பக்க இடைவெளிக்குள் தள்ளினார். பந்து சுவர் வரை ஓடியது, அவர் மூச்சு வாங்காமல் இரண்டாம் பேஸில் நின்றார். ஸ்ட்ரைக் அவுட் 28இலிருந்து 21க்கு இறங்கியிருந்தது. அது இறங்கக்கூடும் என்பதற்கு என் கணக்கில் நான் இடமே வைத்திருக்கவில்லை. உங்கள் அணிக்குப் புதிய கேட்சர் வந்தபோது நீங்கள் என்ன கணித்தீர்கள், என்ன நடந்தது என்பதை எழுதுங்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து:

என் பிழை உங்களுடையதற்கு நேர்மாறானது, ஐயா. பிரையன் மெக்கன் 2014 பருவத்திற்கு முன் ஐந்து ஆண்டுகளுக்கு 85 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் யாங்கீஸுக்கு வந்தபோது, நான் பார்த்தது ஒரே ஓர் எண்ணைத்தான்: யாங்கீஸ் மைதானத்து வல மூலைச் சுவரின் 314 அடி தூரம். வலப்பக்கமாக இழுத்து அடிக்கும் இடக்கை மட்டையாளரான அவர் அட்லாண்டாவில் 2013இல் 20 ஹோம் ரன் அடித்திருந்தார். என் மைத்துனர் முப்பது என்றார். நான் முப்பத்தைந்துக்குக் குறையாது என்று சொல்லி ஒரு வேளை பிரியாணியைப் பந்தயம் கட்டினேன். வந்தது 23. இருவருமே தோற்றதால் பிரியாணிக்கான காசைப் பாதிப்பாதியாகப் போட்டுக்கொண்டோம்.

ஹோம் ரன் குறைந்தது கூடப் பெரிய வருத்தமில்லை. சராசரி .232, ஆன்-பேஸ் (ஹிட்டோ வேறு வழியோ, பேஸைச் சேர்ந்த விகிதம்) .286 என்று விழுந்ததுதான் வலித்தது. எதிரணியினர் உள்களத்தின் வலப் பாதியில் மூவரை நிறுத்திவிடுவார்கள். ஒரு முறை அவர் அடித்த பந்து மட்டையிலிருந்து சுளீரென்று கிளம்பியது, நாங்கள் எழுந்தே விட்டோம். வலக்களப் புல்லில் பாதி தூரம் உள்ளே போய் நின்றிருந்த இரண்டாம் பேஸ்மேன் அதை நிதானமாக எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். அருகிலிருக்கும் சுவர் மேலே எழும்பும் பந்துக்குத்தான் உதவும். இருந்தாலும் இந்தப் பாடத்தை இன்றைய இடக்கை கேட்சருக்கு அப்படியே பொருத்த வேண்டாம்: 2023 முதல் இரண்டாம் பேஸின் இருபுறமும் உள்களத்தார் இருவர் இருவராக, அதுவும் வெளிக்களப் புல்லுக்குள் போகாமல் நிற்க வேண்டும் என்பது விதி. 2014இன் எண்களை வைத்து இப்போது கழித்தால் அளவுக்கு மீறிக் கழித்ததாகிவிடும்.

டாலஸிலிருந்து:

ஸ்ட்ரைக் அவுட் குறைந்ததை நல்ல அறிகுறியாக மில்வாக்கி நண்பர் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சற்றுக் கசந்தது. நான் ஏமாந்தது அதே அறிகுறியால்தான். உங்கள் ஊரின் ஜொனாதன் லூக்ராய் 2016 ஆகஸ்ட் 1 அன்று எங்கள் ரேஞ்சர்ஸுக்கு வந்தார். வந்த வேகத்தில் 47 ஆட்டங்களில் 11 ஹோம் ரன் அடித்தார். இரண்டு அணிகளிலும் சேர்த்து அந்த ஆண்டு 24. அதற்கு முன் எந்த ஆண்டிலும் அவர் அவ்வளவு அடித்ததில்லை. அந்த 47 ஆட்டங்களை ஒரு முழுப் பருவத்திற்கு நீட்டிப் பார்க்கும் ஆசை எனக்கும் வந்தது, கணக்கு முப்பத்தைந்தைத் தாண்டியது. அத்தனை பேராசை வேண்டாம் என்று 25இல் நிறுத்தினேன்.

2017இல் அவர் மட்டை வீசித் தவறவிட்ட பந்துகள் வெகுவாகக் குறைந்தன. ஏப்ரலிலும் மே மாதத்திலும் இதை நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பட்ட பந்துகள் வலுவின்றி இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பை நோக்கி உருண்டன. கூரையில்லாத பழைய ஆர்லிங்டன் மைதானத்தில், பிற்பகல் வெயிலில், கவசத்தோடு குந்தி எழுந்துகொண்டிருந்த அவருக்கு அந்த ஜூனில் 31 வயது முடிந்தது. கால் தளர்ந்ததால் வலு போனதா, வீச்சை மாற்றிக்கொண்டதால் போனதா என்பதை இருக்கையிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுமே இருக்கலாம் என்பது என் ஊகம். 77 ஆட்டங்களில் .242, 4 ஹோம் ரன். ஜூலை 30 அன்று கொலராடோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே சராசரி .310க்கு ஏறியது, ஆனால் காற்று மெலிந்து பந்து பறக்கும், அந்த அணியின் ஊரான டென்வரிலும் ஹோம் ரன் இரண்டே இரண்டுதான்.

சிகாகோவிலிருந்து:

சுருக்கமாக ஒன்று. கேட்சர் யாஸ்மானி கிராண்டால் எங்கள் வைட் சாக்ஸுக்கு வந்தபோது நான்கு ஆண்டுகளுக்கு 73 மில்லியனா என்று அங்கலாய்த்தவன் நான். 2021 ஜூலையில் இடது முழங்காலில் தசைநார் கிழிந்து அவர் விலகியபோது சராசரி .188, என் வாய் இன்னும் நீண்டது. அப்போதே ஆன்-பேஸ் .388 என்பதை நான் கவனிக்கவில்லை. பருவ முடிவில் 93 ஆட்டங்களில் ஹிட் 67, வாக் (நான்கு மோசமான பந்துகளால் கிடைக்கும் முதல் பேஸ்) 87, ஹோம் ரன் 23, ஆன்-பேஸ் .420. ஹிட்டை விட வாக் அதிகமாக எடுத்த ஒருவரைச் சராசரியை வைத்து ஏசியிருக்கிறேன். மறு ஆண்டு அவர் .202, 5 ஹோம் ரன் என்று சரிந்தபோது ஏச மனம் வரவில்லை.

மீண்டும் மில்வாக்கியிலிருந்து:

டாலஸ் அன்பர் சொன்னது நியாயம். லூக்ராய் இங்கே ஆடிய நாள்களில் நான் கைதட்டியவன், ஆகவே அந்தச் சரிவு எனக்கும் வருத்தமே. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஸ்ட்ரைக் அவுட் குறைந்தபோதும் அடித்த பந்தின் வேகம் குறையாமல் இருந்ததா என்பதில்தான் வேறுபாடு தெரிகிறது. கான்ட்ரேராஸுக்குக் குறையவில்லை: 2024இல் 155 ஆட்டங்கள், .281, டபுள் 37, ஹோம் ரன் 23. தரையில் அடிக்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. ஆனால் அப்படி அடிப்பதும் உறுதியாகப் பட்டு இடைவெளியைத் தாண்டுகிறது. லூக்ராய்க்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது, கான்ட்ரேராஸ் இங்கே வந்தபோது 25ஐத்தான் முடிக்கவிருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போதெல்லாம் புதிய கேட்சர் வந்தால் ஹோம் ரன் கட்டத்தைக் கடைசியில்தான் நிரப்புகிறேன். முதலில் வாக், அடுத்து ஸ்ட்ரைக் அவுட், பிறகு டபுள், அதன் பிறகு எத்தனை நாள் குந்தப் போகிறார், எத்தனை நாள் டிஎச். நியூ ஜெர்சி அன்பருக்காக மைதானத்திற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அதைப் பென்சிலால்தான் எழுதுகிறேன்.