டோக்கியோவில் முதல் நில அதிர்வு: புதிதாக வந்தவர்களுக்கு

நிஷிகசாயில் குடியேறி மூன்றாவது வாரம். ராத்திரி இரண்டு மணி இருக்கும். அலமாரிக் கதவு கடகடவென்று அடித்துக்கொண்டதில் விழிப்பு வந்தது. கீழே லாரி போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் விளக்கின் இழுப்புக் கயிறு ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல் நாலு மாடி இறங்கி வெளியே ஓடினோம். தெருவில் ஓர் ஆள் இல்லை. எந்த வீட்டிலும் விளக்குகூடப் போடவில்லை.

அப்படி ஓடியது பெரிய தவறு. உடைந்த கண்ணாடியும் சுவர் ஓடும் விழுகிற இடமே கட்டட வாசல்தான். ஆட்டம் நிற்கும்வரை மேசைக்கடியில் புகுந்து, தலையை மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீடு பார்க்கும்போதே, 1981 ஜூனில் வந்த புதிய நிலநடுக்க விதிப்படி கட்டியதா என்று தரகரிடம் கேட்டுவிடுங்கள். அந்தப் பதில் தெரிந்தால் உள்ளேயே இருக்கத் தைரியம் வரும்.

மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா 'ஷிந்தோ மூணு' என்றார். இங்கே பேச்செல்லாம் ஷிந்தோவில்தான். ரிக்டர் என்று நாம் சொல்லிப் பழகிய எண் நிலநடுக்கத்தின் மொத்த பலம். ஒரு நிலநடுக்கத்துக்கு ஓர் எண்தான். ஷிந்தோ என்பது நீங்கள் நிற்கிற இடம் எவ்வளவு குலுங்கியது என்பது. 0 முதல் 7 வரை. 5, 6 இரண்டிலும் கீழ், மேல் என்று பிரிவு உண்டு. 2011 மார்ச் 11 அன்று வந்த பெரிய நிலநடுக்கத்தின் பலம் 9.0. அதே ஆட்டம் மியாகி மாநிலத்தின் குரிஹாரா ஊரில் ஷிந்தோ 7. டோக்கியோவில் 5 மேல்.

பெரிய ஆட்டம் வருமுன் போன் அலறும், 'ஜிஷின் தெஸ்' (நிலநடுக்கம்) என்று சொல்லும். முதலில் வரும் மெல்லிய அலையைக் கருவிகள் பிடித்து, பின்னால் வரும் முரட்டு அலைக்கு முன்பே எச்சரிக்கை அனுப்புகின்றன. கிடைப்பது சில விநாடிகள். மையம் பக்கத்தில் என்றால் அதுவும் கிடைக்காது. அந்த நேரத்தில் அடுப்பை அணைக்கப் பாயாதீர்கள். ஷிந்தோ 5 அளவில் கேஸ் மீட்டரே வாயுவை நிறுத்திவிடும். அப்புறம் மீட்டரில் உள்ள பொத்தானை அழுத்தி மூன்று நிமிடம் காத்திருந்தால் திரும்ப வரும். வாயு வாசனை அடித்தால் மட்டும் தொடாதீர்கள்.

நம் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது கிரைண்டரை. இடமில்லை என்று ஃபிரிட்ஜ் மேல் வைத்திருப்பார்கள். தயவுசெய்து இன்றைக்கே கீழே இறக்குங்கள். அதன் கல் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஊறுகாய் பாட்டில், குக்கர் எல்லாம் கீழ்த்தட்டுக்குப் போகட்டும். அலமாரிக்கும் கூரைக்கும் நடுவே முட்டுக்கொடுக்கும் கம்பிகள் கடைகளில் கிடைக்கும். படுக்கைக்கடியில் ஆளுக்கொரு ஜோடி ஷூ. தரையெல்லாம் கண்ணாடி கிடக்கலாம். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர், குறைந்தது மூன்று நாளைக்கு.

சின்ன ஆட்டம் என்றாலும் நின்றதும் ஊருக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள். 'ஜப்பானில் 6.2' என்று டிவியில் ஓடும்; அது நமக்கு எட்டாத தூரத்தில் நடந்திருக்கும். அது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?